நூற்றியோராவது நாள்

திண்டுக்கல் அண்ணா பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் பூ எடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூடை வைத்து விற்கும் ஓர் அம்மாவிடம் உள்ளங்கை அகல அட்டை ஒன்று இருக்கிறது. அதில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம். சாயங்காலம் பைக்கில் வருகிற தம்பி நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். நான் பார்த்தபோது அறுபத்து மூன்று கட்டம் நிரம்பியிருந்தது. இடையில் ஒன்றுகூட விடுபடவில்லை. மழையில் கூடை அப்படியே வீடு திரும்பிய நாள், விலை ஏறிக் கையைக் கடித்த நாள், பேத்திக்குக் காய்ச்சல் கண்ட நாள் எல்லாம் அந்த அறுபத்து மூன்றுக்குள் அடக்கம். “ஒரு நாள் விட்டா மறுநாள் எரநூறாயிரும் சார். அதனால யாவாரம் ஆனதும் மொதல்ல அதை எடுத்து முந்தானையில முடிஞ்சிருவேன்” என்றார்.

வரவு வந்ததும் முதலில் ஒரு பங்கை எடுத்து ஒதுக்கு, ஒரு நாளும் விடாதே என்பதுதான் பணம் சேர்க்கச் சொல்லும் எல்லாப் புத்தகங்களின் முதல் பாடம். அந்தப் பாடத்தை இந்த அம்மா யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார். ஆனால் அந்த நூறு ரூபாய் அவருக்குச் சேரவில்லை. அது தண்டல் எனப்படும் நாள் வசூல் கடனின் தவணை.

தினமும் சிறு தொகை ஒதுக்கு, செலவை எழுதி வை, வீண் செலவை வெட்டு, மிஞ்சியதை முதலீடு செய், பொருளாதாரச் சுதந்திரம் தானே வரும் என்ற அறிவுரை இன்று எங்கும் கிடைக்கிறது. சொல்பவர்களின் மனத்தில் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் இருக்கிறார். நாள் வியாபாரம், வாரக் கூலி, பீஸ் ரேட், பூ விலை, காய் விலை என்று ஓடுகிற திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் அந்த அறிவுரை எவ்வளவு தூரம் தாங்கும்? எனக்கு இது முக்கியமான கேள்வி. பொய்யான நம்பிக்கை கொடுத்தால் அதை நம்பியவர் இரண்டு முறை தோற்கிறார். பணத்தை இழப்பது ஒன்று, தன் ஒழுக்கம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வது இன்னொன்று.

எது சுதந்திரம்?

முதலில் சொல்லை அளந்துவிட வேண்டும். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கணக்கைப் போட்டார். ஓய்வு பெறுபவர் தன் சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் 30 ஆண்டுக்குப் பணம் தீராது என்பது அதன் சாரம். அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன் பத்திர வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு அது. அதிலிருந்துதான் ‘ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தவர் சுதந்திரர்’ என்ற சூத்திரம் உலகமெல்லாம் பரவியது.

மாதம் 15,000 ரூபாயில் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 1,80,000. அதற்கு 25 மடங்கு 45 லட்சம். நாளுக்கு நூறு ரூபாய், அதாவது மாதம் 3,000, ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 25 ஆண்டு விடாமல் போட்டால் சுமார் 24 லட்சம் கையில் வரும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் அந்த 24 லட்சத்தின் இன்றைய மதிப்பு 7 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். அந்தக் குடும்பத்தின் நான்கு ஆண்டுச் செலவு அது. விலைவாசிக்கு இணையாகத் தவணையையும் ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டு போனால் இன்றைய மதிப்பில் 11 லட்சத்தைத் தாண்டும். ஆறு ஆண்டுச் செலவு. 45 லட்சத்தைத் தொட வேண்டுமானால் விலைவாசி உயர்வுக்கு மேல் 11 சதவீதத்துக்கும் அதிகமான வருவாய் 25 ஆண்டும் கிடைக்க வேண்டும். எந்த அஞ்சலகமும் வங்கியும் அதைத் தராது. பங்குச் சந்தையை நம்பியும் அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்க முடியாது.

ஆகவே ‘உழைக்காமலே வாழும் நிலை’ என்ற பொருளில், அன்றாடப் பழக்கம் மட்டும் நாள் கூலிக் குடும்பத்தைச் சுதந்திரத்துக்குக் கொண்டுபோகும் என்பது உண்மையில்லை. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பூக்கார அம்மாவைக் கேட்டால் அவர் வேறு விளக்கம் வைத்திருக்கிறார். “யார்கிட்டயும் கை நீட்டாம நம்ம மொதல நாமளே போடணும். அம்புட்டுதான்.” இந்த ஊரில் சுதந்திரம் என்பதற்கு வழக்கில் உள்ள பொருள் இதுதான். இந்தப் பொருளில் வைத்து எடை போட்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஒரே நூறு ரூபாய், மூன்று வழி

தண்டலில் 10,000 ரூபாய்க் கடன் என்றால் கைக்கு வருவது 8,500. மீதி 1,500 முன்கூட்டியே பிடித்த வட்டி. நாளுக்கு நூறாக நூறு நாளில் 10,000 கட்டி முடிக்க வேண்டும். கேட்பதற்குப் பதினைந்து சதவீதம் போலத் தோன்றும். ஆனால் முழுக் கடனும் நூறு நாள் கையில் இருப்பதில்லை. இரண்டாம் நாளிலிருந்தே கரைகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது.

ஏழைகளின் பணப் புழக்கத்தைப் பல நாடுகளில் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், கடனையும் சேமிப்பையும் ஒரே பொருளின் இரண்டு பக்கமாகப் பார்க்கச் சொன்னார். அன்றாடம் மிஞ்சும் சில்லறையை ஒரு மொத்தத் தொகையாக மாற்றுவதுதான் இரண்டின் வேலையும். மொத்தத் தொகையை முதலில் வாங்கிச் சில்லறையைப் பிறகு கட்டினால் கடன். சில்லறையை முதலில் கட்டி மொத்தத்தைப் பிறகு வாங்கினால் சேமிப்பு. நடுவில் எப்போதாவது வாங்கினால் சீட்டு. விஜயவாடாவில் அவர் பதிவு செய்த ஒரு பெண், குடிசைப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வசூலித்தார். அவர் கொடுத்த அட்டையில் 220 கட்டம். கட்டத்துக்கு 5 ரூபாய் வீதம் 1,100 ரூபாய் சேர்ந்ததும் 1,000 ரூபாயைத் திருப்பித் தருவார். 100 ரூபாய் அவருக்குக் கூலி. தங்கள் பணத்தைத் தாங்களே சேர்ப்பதற்கு அந்த மக்கள் கூலி கொடுத்தார்கள். வாசலுக்கு ஒருவர் வந்து கேட்பதற்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

இந்த வெளிச்சத்தில் திண்டுக்கல் அட்டையைப் பாருங்கள். நூறு நாள் நூறு ரூபாய் கட்டி 8,500ஐ முன்னால் வாங்குவது தண்டல். அதே நூறு நாள் அதே நூறு ரூபாயை ஒரு கணக்கில் போட்டால் 10,000ஐப் பின்னால் வாங்கலாம். கட்டுகிற கை ஒன்று, கட்டம் ஒன்று, ஒழுக்கமும் ஒன்று. 1,500 ரூபாய் என்பது நூறு நாள் முந்திக்கொள்வதற்கான விலை. ஆண்டு முழுக்க அட்டை மேல் அட்டையாகப் புதுப்பித்தால் 5,475 ரூபாய் வட்டி போகிறது. நாளுக்கு 15 ரூபாய். ஒரு டீ விலை.

கடனாளிக்கு ஒழுக்கம் இல்லை என்ற பேச்சை இந்தக் கணக்கு உடைத்துவிடுகிறது. அவரிடம் இல்லாதது ஒழுக்கமன்று. ஒரு சுற்று முன்னால் நிற்க உதவும் 8,500 ரூபாய்தான் இல்லை.

டீக் கணக்கு

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற வாதம் குறுக்கே வரும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளியிட்ட நூலில் சென்னைப் பழ வியாபாரிகளைப் பற்றி எழுதினார்கள். காலையில் கடனுக்குச் சரக்கு எடுத்து மாலையில் வட்டியோடு கட்டுபவர்கள் அவர்கள்; வட்டி நாளுக்கு ஏறக்குறைய 4.7 சதவீதம். ஒரு சில நாள் இரண்டு டீயைக் குறைத்து அந்தக் காசைக் கடனில் கழித்தால், மிச்சமாகும் வட்டியே மறுநாள் கடனைக் குறைத்து, அது பெருகி, 90 நாளில் கடனே இல்லாமல் ஆகிவிடும் என்று காட்டினார்கள். கணக்கில் பிழையில்லை.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனைத் தாங்களே அடைத்துவிட்டு, பிறகு என்ன ஆகிறது என்று கவனித்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மீண்டும் கடனுக்குள் வந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டில் அவர்களுக்கும் மற்ற வியாபாரிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். பழக்கம் மாறாதவருக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை என்பது ஒன்று. கடன் தீர்ந்தாலும் கையிருப்பு பூஜ்யமாக இருப்பவரை அடுத்த காய்ச்சலே திரும்பவும் கடனுக்குத் தள்ளிவிடும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது வாசிப்பே பொருந்துகிறது. காரணம் அந்த அட்டையில்தான் இருக்கிறது. 8,500 முழுவதும் பூ முதலாகவே போயிருந்தால், லாபத்திலிருந்து நூறு நாள் கட்டி முடித்தபின் முதல் அப்படியே கையில் இருக்க வேண்டும். இருப்பதில்லை. “கடேசி கட்டம் அடிச்ச மறுநாளே அடுத்த அட்டை வாங்கிருவேன்” என்கிறார் அந்த அம்மா. ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு, நாத்தனார் பேரன் காதுகுத்துக்குச் செய்முறை, தீபாவளித் துணி, ஆஸ்பத்திரி என்று முதல் அவிழ்ந்து போகிறது. தண்டல் வியாபாரக் கடன் என்ற பெயரில் வாங்கப்பட்டாலும், வீட்டில் திடீரென்று தேவைப்படும் மொத்தத் தொகையாகத்தான் செலவாகிறது.

ஆகவே பழக்கத்தை எடை போடும்போது ‘எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்’ என்ற கேள்வி போதாது. மொத்தத் தொகை எப்போது, எங்கிருந்து வருகிறது, அவசரத்தில் யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஊரில் உள்ள பாத்திரங்கள்

இந்த அளவுகோலை வைத்து ஊரில் ஏற்கெனவே உள்ள சேமிப்பு முறைகளைப் பார்ப்போம்.

விசேஷ வீட்டுக்கு மொய் வைக்கும் செய்முறை நம் பக்கத்தின் பழைய சேமிப்பு. மொய் நோட்டுத்தான் அதன் பாஸ்புக். கொடுத்தது திரும்பும், ஆனால் நம் வீட்டில் விசேஷம் வைத்தால்தான் திரும்பும். நோய்க்கு மொய் வராது. உறவைக் காக்கும் முறையாக அது பெரியது. அவசரக் கையிருப்பாக அதை எண்ண முடியாது.

ஏலச்சீட்டு இன்னும் கூர்மையான கருவி. அவசரக்காரர் ஏலத்தில் தொகையைத் தள்ளி முன்பே எடுக்கலாம், பொறுத்தவருக்குக் கழிவு லாபம். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் பதிவில்லாச் சீட்டு ஓர் ஆள் ஊரை விட்டுப் போனால் முடிந்தது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997இலேயே தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூடுதல் வட்டி ஆசையில் ஏமாந்தவர்கள் ஆண்டுதோறும் காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள்.

குழு என்ற சொல்லுக்கு இன்று இரண்டு எதிரெதிர்ப் பொருள் உண்டு. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் குழு, சேமிப்பில் தொடங்குவது. உறுப்பினர் கட்டும் வட்டி குழுவுக்கே திரும்புகிறது. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபின் வங்கிக் கடனும் அதோடு சேர்ந்தது. ‘குழு லோன்’ எனப்படும் நுண்கடன் வேறு. அதிலும் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்கிறார்கள்; ஆனால் அங்கே சேமிப்பு இல்லை, தவணை மட்டுமே. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. பாதி வரை தவணைக்குப் போகலாம் என்றால், மீதிப் பாதியில் குடும்பமும் நடத்திச் சேமிப்பும் செய் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

வேடசந்தூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளிலிருந்து ஒரு கசப்பான பாடமும் உண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் வைத்து மூன்று ஆண்டு வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கட்டாயச் சேமிப்பு. உள்ளே, அந்தப் பெண்ணின் கூலியே பிடித்து வைக்கப்பட்டது. உடல் தாங்காமல் இடையில் போனவர்களுக்கு அந்தத் தொகையே கிடைக்காமல் போன கதைகள் ஏராளம். நூறு கட்டமும் நிரம்பியபின் பணம் யாருக்கு என்பதை இன்னொருவர் தீர்மானித்தால், அந்தச் சேமிப்புக்கு அடிமைத்தனம் என்றுதான் பெயர். அதே ஆலையில் ஒழுங்காகப் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதி இதற்கு நேர்மாறு. தொழிலாளியின் 12 சதவீதத்தோடு முதலாளியின் பங்கும் அவர் பேரில் சேர்கிறது. ஆலை மாறினாலும் கணக்கு அவரோடு வருகிறது.

வாசலுக்கு வரும் கை

நான் பார்த்தவரை, வெற்றி பெறும் பழக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. மன உறுதியை நம்பி அவை நிற்பதில்லை. ஓர் ஆள் வருகிறார், ஒரு நேரம் இருக்கிறது, தொகை மாறாதது, ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. தண்டல்காரரின் வெற்றி இந்த நான்கிலும்தான்.

இதையே சேமிப்புக்குத் திருப்பியவர்கள் உண்டு. உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் வங்கி 1928இல் பிக்மி டெபாசிட் தொடங்கியது. முகவர் தினமும் கடைக்கும் வீட்டுக்கும் வந்து இரண்டு அணாவை வாங்கிப் பதிந்துகொண்டு போவார். வங்கிக்குப் போக நேரமில்லாதவரிடம் வங்கி நடந்து வந்தது. அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மகளிர் முகவர்கள் வீடு தேடி வருவதும் அதே யோசனைதான். மாதம் 3,000 வீதம் ஐந்து ஆண்டு அஞ்சலகத்தில் போட்டால், 6.7 சதவீத வட்டியில் 2,14,000 ரூபாய் வருகிறது, போட்டது 1,80,000. அதே காலத்தில் தண்டல் வட்டியாகப் போவது 27,000 ரூபாய்க்கு மேல்.

பழக்கத்துக்கு எட்டாதவை

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாகல் நகர், நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு அரத்தால் இழைத்த பூட்டு போட்டியிட வேண்டியிருக்கிறது. பீஸ் ரேட்டில் உழைப்பவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்த ரேட்டைச் சிக்கனம் உயர்த்தாது. நிலக்கோட்டை மல்லிகைக்காரருக்கும் ஒட்டன்சத்திரம் தக்காளிக்காரருக்கும் வருமானம் விலையோடு ஆடுகிறது. அவர்களிடம் நாள் தவணை கேட்பதைவிட விலை கிடைத்த வாரத்தில் பெரிதாக ஒதுக்கச் சொல்வதே அறிவு.

குடிப்பழக்கத்துக்கும் இங்கே இடம் உண்டு. ஒரு குவார்ட்டர் பாட்டிலின் விலை தண்டல் நாள் தவணையைவிட அதிகம். பெண் நூறு ரூபாயை முந்தானையில் முடிய, ஆண் அதற்கு மேல் டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வீட்டில் எந்தப் பழக்கமும் நிற்காது. டீயை வெட்டச் சொல்பவர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். நான்கு மணிக்கு எழுந்து பூ எடுக்கப் போகிறவருக்கு டீ வீண் செலவில்லை.

பொதுக் கொள்கை செய்ததையும் எண்ண வேண்டும். 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சின்னாளபட்டியிலிருந்து தினம் வந்துபோகும் பெண்ணுக்கு அது சிக்கனத்தால் கிடைக்காத மிச்சம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஓர் அறுவைச் சிகிச்சையில் பத்து ஆண்டுச் சேமிப்பைக் காக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. எட்டரை மாதத்தில் அது 8,500. அரிசிக்கும் மருந்துக்கும் அது ஏற்கெனவே போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியும். முழுவதும் முடியாவிட்டாலும் பாதியை ஒதுக்கினால் பதினேழு மாதம். தெரு வியாபாரிகளுக்கு 2020இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தின் முதல் கடன் 10,000. 2025இல் அது 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். தண்டலின் இடத்தில் வைக்க அதுவே போதும்.

தீர்ப்பு

அன்றாடப் பழக்கம் பொருளாதாரச் சுதந்திரத்தைத் தருமா? உழைப்பிலிருந்து விடுதலை என்றால் தராது. நாள் கூலிக்காரரிடம் அந்த வாக்குறுதியைச் சொல்வது தவறு. நிலையான சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் உள்ளவருக்கு, ஆண்டுதோறும் தவணையை உயர்த்தினால், முதுமைக்கு மதிப்பான துணையாக நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கடன் கொடுப்பவரிடமிருந்து விடுதலை என்றால், தரும். ஆனால் மூன்று நிபந்தனைகள். பழக்கத்தை வாசலுக்கு வரும் ஓர் ஏற்பாடு தாங்க வேண்டும். சேர்ந்த பணம் சேர்த்தவர் கையில், அவர் கேட்ட அன்றே கிடைக்க வேண்டும். நோய்க்கும் கல்விக்கும் வேறு காப்பு இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் பழக்கத்தைப் பற்றிய அறிவுரை ஏழையின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

பூக்கார அம்மாவின் அட்டையில் இன்னும் முப்பத்தேழு கட்டம் பாக்கி. அவர் அதை முடித்துவிடுவார்; அதில் எனக்கு ஐயமில்லை. கேள்வி நூற்றியோராவது நாள் சாயங்காலத்தைப் பற்றியது. அன்று புது அட்டை வாங்காமல் இருக்க அவரிடம் ஸ்வநிதிக் கடனோ குழுவின் பணமோ ஒரு சுற்றுக்கு இருந்து, அஞ்சலக முகவரோ வங்கி முகவரோ அதே நேரத்துக்கு அந்தக் கூடைக்கு வந்து, முந்தானை முடிச்சிலிருந்து முடிந்ததை வாங்கி அவர் பேரில் எழுதினால் போதும். நூறு முடியாத நாளில் ஐம்பது. பழைய அட்டையில் ஒரு கட்டத்தையும் விடாத கை அது. புதிதாக எதையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.